ஒரு ஆள் எடை

ஒரு தட்டு நெய்ச்சோற்றுக்காக என் முன்பல் இரண்டு போயின. சோறு எனக்கு வேண்டும் என்று நான் சண்டை போடவில்லை. இன்னொருத்தன் அதைத் தின்னக் கூடாது என்று போட்டேன். துடுப்பால் என் வாயில் அடித்தவன் சீனி முகம்மது. அந்தச் சோற்றைத் தின்ன உட்கார்ந்திருந்தவன் அவனுடைய கூடப்பிறந்த தம்பி ஹாஜா முகைதீன், என் லாத்தா ஜுனைதாவின், அதாவது என் அக்காவின், புருசன். சோறு போடுகிறவன் கெட்டவன், சோற்றைத் தட்டிவிடுகிறவன் நல்லவன் என்று எந்த ஊரும் சொல்லாது. எங்கள் ஊரும் சொல்லவில்லை. ஊர் சொல்வதை நான் என்றைக்குக் கேட்டேன், அன்றைக்குக் கேட்க.

தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோவதற்கு ஐந்தாறு வருசம் முந்தி நடந்தது இது. எங்கள் ஊர் தேவிபட்டினத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டி. எங்கள் பக்கத்து வத்தை ஒல்லியான படகு. பாய் மட்டும் பெரிசு. காற்று வருகிற பக்கமாக ஒரு நீளப் பலகையைக் குறுக்கே நீட்டிக் கட்டியிருப்போம். காற்று பாயை அழுத்தினால் ஒரு ஆள் அந்தப் பலகையில் ஏறி, தண்ணீருக்கு மேலே போய் உட்கார வேண்டும். அவன் கனம்தான் படகைக் கவிழாமல் பிடிக்கும். காற்றுக்கு நாங்கள் வைத்த பெயரே அதுதான். ஒரு ஆள் காத்து, ரெண்டு ஆள் காத்து, மூணு ஆள் காத்து. அதுக்கு மேலே அடித்தால் புத்தியுள்ளவன் பாயைச் சுருட்டிவிடுவான்.

ஹாஜா முகைதீன் ரெண்டு ஆள். கேலிக்குச் சொல்லவில்லை, எங்கள் கரையில் அது கணக்கு. அவன் பலகையில் ஏறினால் ரெண்டு பேர் ஏறின மாதிரி படகு நிமிரும். அதனால் மீன் பிரிக்கும்போது அவனுக்கு ரெண்டு பங்கு. வேறு எவனுக்கும் அந்த மரியாதை கிடையாது. கல்யாண வீட்டில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து தின்கிற சஹன் தட்டை அவன் ஒருத்தனே முடிப்பான், ஊரே நின்று பார்க்கும். படகு அண்ணன் சீனி முகம்மதுடையது. அதில் நான் தண்டல், சுக்கான் என் கையில். பலகைக்கு ஹாஜா. வலைக்கு பால்சாமி என்று ஒரு பையன். வயசு இருபது இருக்கும், வாய் மட்டும் அறுபது.

அந்த வருசம் நடுக்கடலில் ஹாஜா ரத்தமாகக் கக்கினான். பலகையில் உட்கார்ந்தபடியே குடம் குடமாகக் கக்கினான். ரத்த வாடைக்கு இரண்டு சுறா வந்து படகைச் சுற்ற ஆரம்பித்தன. பால்சாமி கரை வரும்வரை துடுப்பால் அதுகளை மண்டையில் அடித்துக்கொண்டே வந்தான். நான் ஹாஜாவின் தலைமுடியைப் பிடித்துப் படகுக்குள் இழுத்துப் போட்டேன். அன்றைக்கே ராமநாதபுரம் போய் ரயில் ஏற்றினோம்.

மதுரையில் வயிற்றைக் கிழித்தார்கள். உள்ளே பெரிய புண், ஓட்டையாகப் போகிற நிலை. பாதிக்கு மேலே வயிற்றை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தைத் தைத்தார்கள். டாக்டர் சின்ன வயசுக்காரர். எனக்கு டாக்டர்கள் மேல் நம்பிக்கை கிடையாது. கத்தியை வைத்துக்கொண்டு சிரிக்கிறவனை எப்படி நம்புவது? ஆனாலும் அவர் சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டேன்.

"இனிமே இவருக்கு ஒரு கைப்பிடிதான் கொள்ளும்" என்றார். "கொஞ்சம் கொஞ்சமா, பல தடவ குடுங்க. நல்லா மென்னு திங்கணும். திங்கும்போது தண்ணி குடிக்கக் கூடாது, தள்ளித்தான் குடிக்கணும். மீனு, முட்ட, பருப்பு, மோரு, இதெல்லாம் மொதல்ல. சோறு அதுக்கப்புறம். இனிப்பப் பக்கத்துலயே கொண்டு போகாதிய."

"உடம்பு எளைச்சுப் போகுமே" என்றேன்.

"எளைக்கணும். இவ்வளவு ஒடம்ப இந்த இருதயம் எத்தன நாளைக்குச் சுமக்கும்? ஆனா மெதுவா எளைக்கணும். கடகடன்னு எறங்குச்சுன்னா கொழுப்பு மட்டுமில்ல, சதையும் போகும், ரத்தமும் போகும், ஆளும் போயிருவாரு. மாசாமாசம் எடை போட்டுப் பாத்துக்கிட்டு வாங்க."

எடை போட எங்கள் ஊரில் கருவாட்டு மண்டித் தராசு ஒன்றுதான் இருந்தது. அதை நம்பினவன் உருப்பட்டது கிடையாது. அதில் ஹாஜாவை ஏற்றினால் ஆட்டுக்குட்டி எடை காட்டும். டாக்டரிடம் அதைச் சொன்னேன். "அப்படின்னா அவரு பெல்ட்ட வச்சுப் பாருங்க" என்றார். ஹாஜா கட்டுகிற பச்சை பெல்ட்டு ஒரு முழுக் கன்றுத் தோல் அகலம் இருக்கும். மாசத்துக்கு ஒரு ஓட்டை உள்ளே போனால் சரி. ரெண்டு போனால் தூக்கிக்கொண்டு மதுரைக்கு ஓட வேண்டும். இதுதான் எனக்கும் டாக்டருக்கும் பேச்சு.

லாத்தாவும் ஹாஜாவும் என் வீட்டில்தான் குடியிருந்தார்கள்; அங்கே வந்த அன்றைக்கே முதல் சண்டை. லாத்தா ஆசை ஆசையாய்ப் பனங்கற்கண்டு போட்டுப் பால் காய்ச்சிக் கொடுத்தாள். ஹாஜா ஒரே மூச்சில் குடித்தான். கொஞ்ச நேரத்தில் அவன் முகம் வெளுத்தது. மழையில் நனைந்தவன் மாதிரி வேர்த்தது. நெஞ்சு அடிக்கிற அடி சட்டைக்கு மேலே தெரிந்தது. "மச்சான், கண்ணு இருட்டுது" என்றவன் அப்படியே சரிந்தான்.

அப்போதுதான் சீனி முகம்மது வாசலில் நுழைந்தான். தம்பி விழுந்து கிடக்கிறான், பக்கத்தில் காலிக் கிளாஸ். அவனுக்கு அது போதும்.

"என்னத்தடி குடுத்த எந் தம்பிக்கு?" என்று லாத்தாவின் கூந்தலைக் கொத்தாகப் பிடித்தான். "ஆஸ்பத்திரியில சாகாதவன வீட்ல வச்சுக் கொல்லப் பாக்குறியா?"

"பாலுதான் மச்சான்! அல்லா மேல ஆணையா பாலுதான்!"

அவன் ஓங்கின கை இறங்குவதற்குள் அதை நான் பிடித்தேன். அவன் என்னைவிட ரெண்டு பங்கு பலசாலி. பிடித்தால் நிற்காது என்று தெரியும். அதனால் கடித்தேன். பல் எலும்பில் தட்டுகிற வரைக்கும் கடித்தேன். அப்போது எனக்கு எல்லாப் பல்லும் இருந்தது. அவன் கத்திக்கொண்டு லாத்தாவை விட்டான், அடுப்படிப் பானையைத் தூக்கி என் தோளில் போட்டு உடைத்தான். நாங்கள் கட்டிப் புரளும்போதே ஹாஜா மெதுவாக எழுந்து உட்கார்ந்தான்.

"சாகலையா நீ?" என்றான் சீனி.

"இப்ப ஒண்ணும் இல்ல காக்கா. சரியாப் போச்சு" என்று அண்ணனைப் பார்த்துச் சொன்னான் ஹாஜா.

இனிப்பைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொன்னது அப்போதுதான் எனக்கு மண்டையில் ஏறியது. நான் ஆளை நம்புகிறவன் இல்லை, கண்ணால் கண்டதை நம்புகிறவன். அன்றைக்குக் கண்டேன். அதிலிருந்து டாக்டர் சொன்ன மிச்சத்தையும் ஒரு எழுத்து விடாமல் பிடித்துக்கொண்டேன். சீனி முகம்மதும் கண்ணால்தான் கண்டான். ஆனால் அவன் கண்டது வேறு. எங்கள் வீட்டில் எதையோ கொடுத்தோம், தம்பி விழுந்தான். அவ்வளவுதான் அவன் கணக்கு.

மூன்று மாசம் ஒழுங்காகப் போனது. முள் எடுத்த ஊளி மீன் ஒரு துண்டு. கொஞ்ச நேரம் கழித்து முட்டை. அப்புறம் மோர். சோறு ஒரு உருண்டை, அதையும் மாடு அசை போடுகிற மாதிரி மென்று முழுங்க வேண்டும். காலையிலும் சாயங்கால அசர் தொழுகைக்குப் பிறகும் கரையோரமாக நடை. பெல்ட்டு மாசம் ஒரு ஓட்டை உள்ளே போனது. முகத்தில் ரத்தம் இருந்தது. மாடிப்படி மாதிரி ஒவ்வொரு படியாய் இறங்கிக்கொண்டிருந்தான். அப்படியே விட்டிருந்தால் இந்தக் கதையே கிடையாது.

கரை விடவில்லை. ஹாஜா நடந்து போனால் வலை பின்னுகிறவன் தலை தூக்கிப் பார்ப்பான். "என்ன ஹாஜா பாய், சட்டையில இன்னொரு ஆளையும் சேத்து நடக்கலாம் போல இருக்கே" என்பான் பால்சாமி. அவன் வாய்க்கு அது விளையாட்டு. ஹாஜாவுக்கு அது குத்து. அவனுக்கு அதுவரை உலகத்தில் ஒரே ஒரு பெருமைதான் இருந்தது. அதை மதுரையில் வெட்டி வாளியில் போட்டுவிட்டார்கள்.

"ரெண்டு ஆளாப் பாத்த கண்ணெல்லாம் இப்ப அரை ஆளாப் பாக்குது மச்சான்" என்றான் ஒரு நாள்.

"பாக்கட்டும். பாத்தா ஒனக்கு வலிக்குதா?"

"வலிக்குதுடா."

"செத்தா வலிக்காது. செத்துரு போ."

அவன் சிரிக்கவில்லை.

அந்த மாசத்தில் பெல்ட்டு மூன்று ஓட்டை உள்ளே போனது. காரணம் தெரியாமல் மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போய் என்ன சொல்வது? கன்னம் ஒட்டியது. தலையைத் தடவினால் கையோடு முடி வந்தது. எழுந்து நின்றால் தூணைப் பிடித்தான். நான் லாத்தாவைச் சந்தேகப்பட்டேன். அவள் பாத்திரங்களையெல்லாம் முகர்ந்து பார்த்தேன். "என்னையவே நம்பமாட்டியாடா?" என்று அழுதாள். யாரையும் நம்ப மாட்டேன் என்றேன். அப்புறம் ஹாஜாவின் பின்னாலேயே ஒரு நாள் போனேன். அசர் நடை என்று கிளம்புகிறவன் கரைக்குப் போகவில்லை. அண்ணன் வீட்டுக்குப் போனான்.

கொல்லைப் பக்கம் போய்ப் பார்த்தேன். சீனி முகம்மது தம்பியைத் தரையில் உட்கார வைத்து, முன்னால் சஹன் நிறைய நெய்ச்சோறும் ஆட்டுக்கறியும் வைத்து, தன் கையாலேயே உருட்டி வாயில் திணித்துக்கொண்டிருந்தான். ஹாஜாவின் கண்ணில் தண்ணீர் வழிகிறது. வாய் மட்டும் திறந்து திறந்து மூடுகிறது.

"முழுங்குடா. வாடைக்காத்துக்குள்ள தேறணும்டா. வாடையில ஒன்னைய நம்பித்தான் படகு இருக்கு. முழுங்கு" என்றான் சீனி.

அவன் குரலில் பாசம் இருந்தது, நான் இல்லை என்று சொல்லவில்லை. பாசத்தால் கழுத்தை நெரித்தாலும் மூச்சு நிற்கத்தான் செய்யும். நாலு உருண்டை போனதும் ஹாஜா எழுந்து ஓடினான். கொல்லை வேலியைப் பிடித்துக்கொண்டு அத்தனையும் கக்கினான். சோறு வந்தது, பச்சையாய்த் தண்ணீர் வந்தது, பிறகு ஒன்றும் வராமல் வெறும் உடம்பு மட்டும் முறுக்கிக்கொண்டது. கக்கி முடித்தவனைச் சீனி திரும்பவும் சஹனுக்கு முன்னால் இழுத்து உட்கார வைத்தான். தினமும் இதுதான் நடந்திருக்கிறது. என் வீட்டில் தின்ற மீனும் முட்டையும்கூட இந்தச் சோற்றோடு சேர்ந்து வெளியே போயிருக்கிறது. தேறட்டும் என்று ஊட்ட ஊட்ட உள்ளே எதுவும் நிற்காமல் ஆள் உருகிக்கொண்டிருக்கிறான்.

நான் உள்ளே புகுந்தேன். சஹனைக் காலால் எத்தினேன். நெய்ச்சோறு முற்றம் முழுக்கச் சிதறியது, கோழிகள் ஓடி வந்தன.

"சோத்த மிதிச்சிட்டியா?" என்றான் சீனி முகம்மது. மெதுவாகத்தான் கேட்டான்.

"நீ அவனக் கொல்லுற. திணிக்கத் திணிக்கக் கக்குறான், கக்கக் கக்க எளைக்கிறான். ஓங் கண்ணு அவிஞ்சா போச்சு?"

"ஒன் வீட்ல பறவைக்குப் போடுற மாதிரி போட்டு எந் தம்பியப் பட்டினி போடுற. அவன் செத்தா அவன் பங்கு ஒனக்குன்னு பாக்குறியா?"

அப்போதுதான் துடுப்பு. சுவரில் சாய்த்து வைத்திருந்ததை எடுத்து வீசினான். வாயில் பட்டது. பல் ரெண்டும் தொண்டைக்குள் போய்த் திரும்பி வந்தன. விழுந்தேன், ஆனால் சும்மா விழவில்லை. கையில் கிடைத்த அம்மிக்குழவியை எடுத்து, படுத்தவாக்கில் அவன் முழங்காலில் போட்டேன். அவனும் விழுந்தான். விழுந்தவன் என் கழுத்தைப் பிடித்தான். நான் அவன் காதைப் பிடித்துத் திருகினேன். ஹாஜா நடுவில் விழுந்து "விடுங்கடா, விடுங்கடா" என்று கத்தினான். எங்களைப் பிரிக்க அவனுக்குப் பலம் இல்லை. முன்னாலேயென்றால் எங்கள் மேல் உட்கார்ந்தாலே போதும், சண்டை முடிந்திருக்கும்.

அக்கம்பக்கத்து ஆட்கள் வந்து பிரித்தார்கள். பிரித்தவர்கள் என்னை மட்டும் நாலு மிதி மிதித்தார்கள். சோற்றை எத்தினவன், நோயாளியைப் பட்டினி போடுகிறவன். பள்ளிவாசல் முன்னால் ஒரு பெரியவர் என் முகத்துக்கு நேரே காறித் துப்பினார். நான் ரத்தத்தை அவர் காலடியில் துப்பிவிட்டு, ஹாஜாவின் பெல்ட்டைப் பிடித்துக் கரை வழியாக இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். ஊரே பார்த்தது. மீன் அறுக்கிற கத்தியை எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தேன். "சோத்தோட எவன் வந்தாலும் கொடல எடுப்பேன்" என்றேன். எவனும் வரவில்லை.

ஹாஜாவை அடைத்து வைத்து, திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தோம். மோர், பருப்புத் தண்ணீர், அவித்த மீன். கக்கல் நின்றது. பெல்ட்டும் நின்றது. ஆனால் அந்த ஒரு மாசத்தில் போன சதை போனதுதான். இப்போது அவன் வெறும் ஒரு ஆள். அதுவும் பலம் இல்லாத ஆள்.

வாடை பிறந்தது. மீன் வருகிற சமயம், படகைக் கரையில் போட்டு வைக்க முடியாது. சீனிக்கு வேறு தண்டல் கிடைக்கவில்லை, எனக்கு வேறு படகு கிடைக்கவில்லை. ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்க்காமல் படகைத் தள்ளினோம். அப்போது ஹாஜா வந்து நின்றான்.

"நானும் வாரேன்."

"வீட்டுக்குப் போடா" என்றேன்.

"வாடைக்கு எந் தம்பி இல்லாமப் படகு போனதில்ல" என்றான் சீனி. "ஏறுடா."

"ஏறட்டும். ஆனா ஒரு ஆளா ஏறட்டும். பலகையில அவன ரெண்டுன்னு கணக்கு வைக்காத. அதுக்கு இன்னொரு ஆளக் கூட்டிக்க."

"எவன்டா சொன்னான் எந் தம்பி ஒரு ஆளுன்னு? இன்னொருத்தனக் கூட்டுனா இவன் பங்குல ஒண்ணு போகும். ஊரு சிரிக்கும். எந் தம்பி பொறந்ததுலருந்து ரெண்டு ஆளு, சாகுற வரைக்கும் ரெண்டு ஆளு." அதைச் சொல்லும்போது அவன் கண் கலங்கினது. முட்டாள்.

நான் ஹாஜாவைப் பார்த்தேன். சொல்லு, உனக்கே தெரியும், சொல்லு என்று பார்த்தேன். அவன் கடலைப் பார்த்தான். ஏறினான். லாத்தா கரையில் நின்று என்னைப் பார்த்துக் கைகூப்பினாள். அதனால் நானும் ஏறினேன்.

காலையில் ஒரு ஆள் காற்று. பால்சாமி பலகையில் ஏறிப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தான். வலை போட்டு இழுத்தோம். நல்ல மீன்பாடு. திரும்பும்போது வடகிழக்கில் கறுத்தது. எங்கள் கடல் ஆழம் கம்மி, அதனால் அலை குட்டையாய், கூராய், ஒன்றன் மேல் ஒன்றாய் வரும். ரெண்டு ஆள் காற்று ஆனது. அப்புறம் அதையும் தாண்டியது.

"மூணு ஆள் காத்து" என்று கத்தினேன். "பாயக் கொற!"

"எதுக்குக் கொறைக்கணும்? மூணு ஆளு இருக்கு" என்றான் சீனி. "ஹாஜா, ஏறு பலகையில. பால்சாமியும் நீயும். மூணு ஆளு."

"ரெண்டு ஆளுடா அது! நீயும் போ!"

"நான் போக மாட்டேன். நான் போனா என்ன அர்த்தம்?"

ஹாஜா நடுங்கிக்கொண்டே பலகையில் ஏறி பால்சாமிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். படகு நிமிரவில்லை. பாய்ப் பக்கத்து விளிம்பு தண்ணீரை நக்கிக்கொண்டே போனது. "மொதலாளி, படகு எந்திரிக்கல! நீங்களும் வாங்க மொதலாளி!" என்று பால்சாமி கத்தினான். அவன் குரலில் விளையாட்டு இல்லை. சீனி அசையவில்லை.

நான் சுக்கானைக் காலால் மிதித்துக்கொண்டு கத்தியை எடுத்தேன், பாய்க்கயிற்றை அறுக்க. கயிற்றை அறுத்தால் பாய் காற்றை விட்டுவிடும், படகு பிழைக்கும். சீனி என் கையைப் பிடித்தான். கத்தி அவன் உள்ளங்கையில் இறங்கியது. விடவில்லை. ரத்தம் சொட்டச் சொட்ட என்னைப் படகின் முன் அணியத்துப் பக்கமாகத் தள்ளினான். நான் தலையால் அவன் மூக்கில் முட்டினேன். அந்த நேரத்தில் காற்று ஒரு குத்துக் குத்தியது.

பலகை வானத்துக்குப் போனது. ஹாஜாவும் பால்சாமியும் எங்கள் தலைக்கு மேலே பறந்து போனார்கள். பிறகு எல்லாம் தண்ணீர்.

மேலே வந்தபோது படகு குப்புறக் கிடந்தது. பால்சாமி அதன் முதுகில் ஏறி இருந்தான். நான் பிடித்துக்கொண்டேன். சீனி முகம்மதின் இடது கை பாய்மரத்துக்கும் படகுக்கும் நடுவில் சிக்கி நசுங்கியிருந்தது. ஒரு அலை படகைத் தூக்கினபோது கை விடுபட்டது. அவன் நீந்த ஒரே ஒரு கையோடு, கத்திக்கொண்டு, படகைவிட்டு விலகிப் போனான். அந்தப் பக்கம் ஹாஜா நீந்திக்கொண்டிருந்தான்.

சீனி தம்பியைக் கண்டான். நீச்சல் தெரியாத வயசிலிருந்தே அவன் அந்த உடம்பைப் பிடித்து மிதந்திருக்கிறான். சின்ன வயசில் ரெண்டு பேரும் கடலில் விழுந்தால் பருத்த தம்பிதான் கட்டுமரம். அந்தப் பழக்கம். பாய்ந்து தம்பியின் கழுத்தைக் கட்டினான். தன் முழு எடையையும் அவன் மேல் போட்டான்.

ஹாஜா கல் மாதிரி உள்ளே போனான்.

திரும்பி வந்தான். சீனி விடவில்லை. இன்னும் இறுக்கிக் கட்டினான். திரும்பவும் உள்ளே போனான். நான் நீந்திப் போனேன், அலை என்னைத் திருப்பித் திருப்பி அடித்தது. மூன்றாவது முறை ஹாஜா மேலே வந்தபோது அவன் முகம் எனக்குத் தெரிந்தது. அந்த முகத்தை அதற்கு முன்னே நான் பார்த்தது கிடையாது. அதுவரை அண்ணனை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாதவன். கையை ஓங்கி அண்ணன் வாயில் குத்தினான்.

"ஒரு ஆளுதான்!" என்று கத்தினான். "நான் ஒரு ஆளுதான்டா!"

திரும்பக் குத்தினான். ஏற்கனவே உடைந்திருந்த மூக்கில் குத்தினான். கண்ணில் குத்தினான். தண்ணீர் சிவந்தது. "ஒரு ஆளு! ஒரு ஆளு! விடு!" ஒவ்வொரு குத்துக்கும் ஒரு தடவை. சீனியின் பிடி தளர்ந்தது. கண் சொருகி மல்லாந்தான். அப்போதுதான் நான் போய்ச் சேர்ந்தேன். சட்டைக் காலரைப் பிடித்தேன். ஒரு கையை நானும் இன்னொரு பக்கத்தை ஹாஜாவும் பிடித்து, செத்த மாட்டை இழுப்பது போல இழுத்துப் படகில் சாய்த்தோம். ஹாஜா மூச்சு வாங்கிக்கொண்டே தன் பெல்ட்டைக் கழற்றி அண்ணனைப் படகின் அடிமரத்தோடு கட்டினான். மதியத்துக்கு மேலே மோர்ப்பண்ணை ஊர்ப் படகு ஒன்று வந்து எங்களை எடுத்தது.

கரையில் கூட்டம். சீனியின் முகம் பரோட்டா மாவு மாதிரி இருந்தது. "யாருடா அடிச்சது?" என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நாலு பேர் வேட்டியை மடித்துக் கட்டினார்கள். நானும் கல்லைத் தேடினேன்.

"நான்தான்" என்றான் ஹாஜா முகைதீன். நிற்க முடியாமல் மணலில் உட்கார்ந்துகொண்டு சொன்னான். "எங் காக்காவ நான்தான் அடிச்சேன். என்னைய ரெண்டு ஆளுன்னு சொல்ற எவனையும் இனிமே அடிப்பேன். நாளையிலருந்து எனக்கு ஒரு பங்கு. பலகைக்கு இன்னொருத்தனப் பாத்துக்குங்க."

மடித்துக் கட்டின வேட்டியை நாலு பேரும் அவிழ்த்து விட்டார்கள்.

அதுக்கப்புறம் எடையில் அவன் இறங்கினான், மாசத்துக்குக் கொஞ்சமாய், டாக்டர் சொன்ன மாதிரி. ஒரு இடத்தில் போய் நின்றுகொண்டான். அதற்குக் கீழே போகவில்லை. முடி திரும்ப வந்தது. மதுரை டாக்டர் பார்த்துவிட்டுத் தோளில் தட்டினார். அந்த டாக்டரை நான் இன்னும் நம்பவில்லை, ஆனால் அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

சீனி முகம்மதின் இடது கை சரியாகக் கூடவில்லை. முழங்கையில் கோணிக்கொண்டு நின்றுவிட்டது. நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். வலது கையில் மூடி போட்ட ஒரு கிண்ணம். நான் வாசலில் கத்தியோடுதான் உட்கார்ந்திருந்தேன்.

"நெய்ச்சோறா?" என்றேன்.

"இல்ல."

மூடியை எடுத்துப் பார்த்தேன். அவித்த மீன். முள் எடுத்திருந்தது. கிண்ணம் உள்ளங்கையளவுதான்.

"நானே முள்ளெடுத்தேன்" என்றான். ஒரு கையால் எப்படி எடுத்தானோ. ஹாஜா உள்ளே இருந்து எட்டிப் பார்த்தான்.

"மொதல்ல நீ தின்னு" என்றேன்.

என்னை முறைத்தான். அடிப்பான் என்றுதான் நினைத்தேன், கத்தியை இறுக்கிப் பிடித்தேன். அவன் கிண்ணத்தைப் படியில் வைத்துவிட்டு, எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு முழுங்கப் போனான்.

"மெல்லு" என்றேன்.

மென்றான்.